தலைக்கு எவ்வளவு

டீசல் என்று எழுதி அதற்கு நேராக ஐயாயிரம் என்று போட்டதும் சாந்தாமணிக்குத் தெம்பு வந்துவிட்டது. முதல் வரி விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே வரும். முப்பத்தோரு வருஷம் கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவளுக்கு வெள்ளைத் தாளைக் கண்டால் நடுவில் ஒரு கோடு கிழிக்காமல் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைக்கூட வரவு ஒரு பக்கம் செலவு ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டு, அப்புறம்தான் கல்யாணம் யாருக்கு என்று பார்ப்பாள். மணி இரண்டேகால். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோழிக்குழம்பு வாசம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை, கூடத்தில் அவள் வீட்டுக்காரர் ஆறுச்சாமி டிவியைப் பார்த்துக்கொண்டே தூங்குகிறார், அல்லது தூங்கிக்கொண்டே பார்க்கிறார், கட்டிக்கொண்டு இருபத்தொன்பது வருஷமாகியும் அது எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சாப்பாட்டு மேசையில் நீள நோட்டு, கால்குலேட்டர், கண்ணாடிக் கூடு, பாதி குடித்து வைத்த மோர். மகள் இளமதி காலையில் பெங்களூரிலிருந்து பேசும்போதே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்ட குரலில்தான் பேசினாள். நாலு நாள், மூன்று தேசியப் பூங்கா, முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே. நம் காரிலேயே போகலாம், அப்பா ஓட்டட்டும், நான் முந்தின நாள் ரயிலில் வந்துவிடுகிறேன், நீ பட்ஜெட் போடு, உனக்குப் பிடித்த வேலைதானே என்றாள். காட்டுப் பக்கத்து அறைகள் மளமளவென்று தீர்ந்துகொண்டிருக்கின்றன, நாலு மணிக்குப் பணம் கட்டியாக வேண்டும், அதற்குள் ஆள் கணக்கை மட்டும் சொல்லிவிடு என்றாள். "மூணா, நாலாம்மா?" என்று கேட்டாள். நாலாவது ஆள் யார் என்று மகளும் சொல்லவில்லை, தாயும் கேட்கவில்லை. ருக்மணியைத் தவிர வேறு யார். கூடப் பிறந்த ஒரே தங்கை, இதே கோயமுத்தூரில்தான் இருக்கிறாள், பஸ்ஸில் போனால் இருபது நிமிஷம், பேசி ஆறு வருஷமாகிறது. கூப்பிட்டால் வருவாளா மாட்டாளா என்பது இரண்டாவது விஷயம். கூப்பிட இவளுக்கு வாய் வருமா என்பதுதான் முதல் விஷயம், அதற்கு நாலு மணி வரைதான் நேரம்.

சரி, அது இருக்கட்டும், கணக்கை முடிப்போம் என்று டீசலுக்குக் கீழே டோல்கேட் எழுதினாள். அறை வாடகை, சஃபாரி ஜீப், கேமராவுக்குத் தனியாகக் காசு கேட்பார்களாம் அதற்கு ஒரு தொகை, சாப்பாடு, டீ, முறுக்கு வகையறா, தேங்காய் பழம், கற்பூரம், அர்ச்சனைச் சீட்டு, உண்டியல் என்று பேனா பாட்டுக்கு ஓடியது, கற்பூரத்துக்கு நாற்பது ரூபாய் போட்ட பிறகுதான் உறைத்தது. காட்டுக்குள் யாருக்குக் கற்பூரம் காட்டப் போகிறாள், புலிக்கா? தனியாக உட்கார்ந்து சிரித்தாள், சிரிப்பில் மோர் புரையேறியது. ஆனால் கையைக் குற்றம் சொல்லி என்ன பண்ண. இந்தக் குடும்பத்தில் வண்டி எடுத்தால் கோயிலுக்கு எடுப்பார்கள், கல்யாணத்துக்கு எடுப்பார்கள், இழவுக்கு எடுப்பார்கள். சும்மா பார்ப்பதற்கு என்று யாரும் வண்டி எடுத்ததில்லை. எதிர்வீட்டில் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது, மரம் பார்க்கப் போகிறோம் என்றா? மரம் இங்கேயே இருக்கிறதே என்பார்கள். அதுவும் அறுபது வயதில், முட்டிவலிக்குத் தைலம் தடவிக்கொண்டு. வேண்டுதல் இல்லை, விசேஷம் இல்லை, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது, அவ்வளவுதான். அதை நினைத்தாலே அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் ஜில்லென்றும் இருந்தது, பள்ளிக்கூடம் திடீரென்று அரைநாள் விட்டதுபோல. கற்பூரத்தை அடித்தாள், அர்ச்சனையை அடித்தாள், தேங்காய் பழத்தை அடித்தாள், உண்டியல் நூறு ரூபாயை மட்டும் விட்டுவைத்தாள், போகிற வழியில் ஏதாவது ஒரு சாமி எதிர்ப்பட்டால் அது கோபித்துக்கொள்ளக் கூடாதே. ஆறுச்சாமியிடம் காலையில் சொன்னபோது அவருக்கு டீசலும் கவலையில்லை, மலை வளைவும் கவலையில்லை. மூன்று பேராகப் புறப்படக் கூடாது என்பதுதான் ஒரே கவலை. மூன்று பேர் போன காரியம் உருப்படாது என்று அவர் வீட்டில் ஒரு பழக்கம், பொண்ணு பார்க்கப் போனால்கூட எண்ணி எண்ணி ஏற்றுவார்கள். அதற்கு அவரே ஒரு வழியும் வைத்திருந்தார். "பின்னாடி சீட்ல ஒரு கல்லத் தூக்கி வெச்சுக்கலாம் புள்ள, நாலாயிருமல்ல" என்று சொல்லிவிட்டு இட்லியைச் சட்னியில் தோய்த்தார். அவருக்கு அது முடிந்துபோன விஷயம். இவளுக்கு அங்கேதான் ஆரம்பித்தது. பின்சீட்டில், ஜன்னலோரமாக, இளமதிக்குப் பக்கத்தில் ஒரு கல் உட்கார்ந்து வருகிறது. கல்லுக்குச் சாப்பாடு வேண்டாம், அறை வேண்டாம், ஜீப்பில் டிக்கெட் வேண்டாம். கல்லை என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளாது, ஆறு வருஷம் பேசாமல் இருக்காது, பேசவும் பேசாது. நாலு நாளும் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

முன்னொரு பயணத்தில் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆனது என்று தெரிந்துகொள்ளத்தான் நோட்டைப் பின்னால் புரட்டினாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், புரட்டினால் நோட்டே அங்கேதான் விரிகிறது. குலதெய்வம் கோயில் வேன் செலவு, பதினேழு தலை, என்று தலைப்பு, ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. தன் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்திருக்கிறது என்று முதலில் தோன்றியது, அப்படித் தோன்றியதற்காக அடுத்த நொடி தன்மேலேயே எரிச்சல் வந்தது. சத்தியமங்கலம் தாண்டி மலைமேல் கோயில். திரும்பும்போது சாயங்கால வெயில், வளைவுகளில் ருக்மணிக்குக் குமட்டிக்கொண்டே வந்தது, அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள், அதனால்தான் அவள் கண்ணுக்கு மட்டும் அது தெரிந்தது. யானை, யானை, மூங்கிலுக்குப் பின்னாடி, பின்பக்கம் தெரியுது, வண்டிய நிறுத்தச் சொல்லுக்கா என்றாள். இரண்டு பிள்ளை பெற்றவள், சின்னக் குழந்தைமாதிரி சீட்டில் மண்டிபோட்டுக்கொண்டு. இவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு மணிக்குமேல் போனால் வேன்காரன் வெயிட்டிங் போடுவான், மணிக்கு இருநூறு. யானையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் என்று டிரைவரைப் போகச் சொன்னாள். பத்து நிமிஷம். முப்பத்து மூன்று ரூபாய் சொச்சம். இப்போது வகுத்துப் பார்த்தால் அவ்வளவுதான் வருகிறது. அதோடு விட்டிருந்தால்கூட ருக்மணி மறந்திருப்பாள், அவள் கோபம் பால் பொங்குகிற மாதிரி, தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடும். ஊருக்குள் நுழைந்ததும் இவள் வேனுக்குள் விளக்கைப் போடச் சொல்லி, எழுந்து நின்று, நோட்டைப் பிரித்து, குடும்பம் குடும்பமாகக் கணக்கை வாசித்தாள். அது அவளுக்குப் பெருமை. பைசா சுத்தமாகக் கணக்கு ஒப்படைப்பவள் என்று பெயர். ருக்மணியின் வீட்டுக்காரர் நஞ்சப்பன், மில் மூடி ஐந்து மாதமாக வேலையில்லாமல் இருந்தது அவளுக்குத் தெரியாதா, தெரியும். நஞ்சப்பனுடைய அம்மா முன்சீட்டில், சொந்தக்காரர்கள் சுற்றிலும். ருக்மணி குடும்பம், ஐந்து தலை, கொடுத்தது போகப் பாக்கி ஆயிரத்து நானூற்று இருபது, அதில் தனியாக, வாந்திக்குச் சோடா, எலுமிச்சம்பழம், கவர் வகையில் முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்துக்குப் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒரு சீட்டிலிருந்து இன்னொரு சீட்டுக்குப் போயிற்று. ருக்மணி சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் அவள் பையன் ஒரு கவரைக் கொடுத்துவிட்டு உள்ளே வராமல் போனான். ஆயிரத்து நானூறு நோட்டாக, இருபது சில்லறையாக. சாந்தாமணி அதை எண்ணிப் பார்த்தாள். எண்ணிப் பார்த்துவிட்டு நோட்டை எடுத்து அந்த வரிக்கு எதிரில் டிக் அடித்தாள். டிக் இதோ இருக்கிறது, பச்சை மையில். படித்தது, சிரித்தது எல்லாவற்றையும்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம், தங்கை அனுப்பிய காசை எண்ணி டிக் அடித்த கையை என்ன சொல்லிச் சமாளிப்பது? அந்த மாதம் ருக்மணி சீட்டுக் கட்டவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டாள்.

பக்கத்தை மூடிவிட்டுப் பழையபடி கால்குலேட்டரை இழுத்துக்கொண்டாள். மூன்று பேர் என்றால் ஒரு அறையில் இன்னொரு கட்டில் போட்டுச் சமாளிக்கலாம், மொத்தம் முப்பத்து மூவாயிரம், தலைக்குப் பதினோராயிரம். நாலு பேர் என்றால் இன்னொரு அறை, ஜீப்பில் இன்னொரு சீட்டு, முப்பத்தாறாயிரம், தலைக்கு ஒன்பதாயிரம். மூன்று தலையும் ஒரே பீரோவிலிருந்து பணம் எடுக்கிற தலைகள்தான், இருந்தாலும் தலைக்கு இவ்வளவு என்று போடாமல் அவளால் ஒரு கணக்கை முடிக்க முடியாது. நாலாவது தலை ஒன்பதாயிரம் கொடுத்தால் இவர்களுக்கு இருபத்தேழு, ஆறாயிரம் மிச்சம். இதைக் கண்டதும் பேனாவை வைத்துவிட்டாள். ருக்மணி இதைத்தான் முதலில் பார்ப்பாள். ஆறாயிரம் மிச்சம் பிடிக்கத்தான் அக்காளுக்கு ஆறு வருஷம் கழித்துத் தங்கச்சி ஞாபகம் வந்தது என்பாள், சொல்லாவிட்டாலும் நினைப்பாள், நினைத்தால் தப்பென்றும் சொல்ல முடியாது. அப்படியென்றால் ருக்மணிக்கு எதிரில் சைபர் போட்டுவிடலாம். நீ ஒண்ணும் தர வேண்டாம், நான் பார்த்துக்கறேன். போட்டுப் பார்த்தாள். முட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது அந்த சைபர். இது அதைவிட மோசம். அன்றைக்குப் பதினேழு பேர் முன்னால் பாக்கிக்காரி, இன்றைக்கு ஓசிக்காரி. நஞ்சப்பன் இப்போது டயர் கடையில் நல்ல வேலையில்தான் இருக்கிறார், பையன் படித்து முடித்துவிட்டான், அவர்களுக்கு யாருடைய சைபரும் தேவையில்லை. பாதி போட்டால்? நாலாயிரத்து ஐந்நூறு. எதற்குப் பாதி, யார் மீதியைத் தருவது, ஏன்? அடித்தாள். ஒன்பதாயிரம் தப்பு, சைபர் தப்பு, நடுவில் இருக்கிற எல்லாமும் தப்பு. பண்டகசாலையில் எலி தின்ற சர்க்கரைக்குக்கூட அவள் ஒரு எண் கண்டுபிடித்துப் போட்டிருக்கிறாள், சொந்தத் தங்கைக்கு எதிரில் போட ஒரு எண் கிடைக்கவில்லை. ஒருவேளை எண்ணே போடாமல் பெயரை மட்டும் எழுதலாமோ? ருக்மணி என்று எழுதிவிட்டு எதிரில் காலியாக விட்டாள். அவள் கணக்கெழுதிய காலத்தில் காலியாக விட்ட முதல் இடம் அதுதான், பார்க்கப் பார்க்கக் கை அரித்தது, இருந்தாலும் விட்டாள். மின்விசிறி அந்தத் தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் வராவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் போனை எடுத்துவிட்டு ராங் நம்பர் என்று வைத்துவிட்டால்? எடுக்காமலே விட்டால்? நாளைக்கு யாரோ ஒருத்தர் வந்து ருக்மணி போய்விட்டாள் என்று சொல்லி, அல்லது சாந்தாமணி போய்விட்டாள் என்று அங்கே போய்ச் சொல்லி, அப்போது வேன் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், அந்த வேனில் யார் கணக்கு எழுதுவார்கள். சீ, நல்ல நாளும் அதுவுமாய் என்ன நினைப்பு இது. எழுந்துபோய் முகத்தைக் கழுவினாள். தொட்டி வெயிலில் காய்ந்து தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. கண்ணாடியில் பார்த்தால் ஈர முகம் அப்படியே ருக்மணி ஜாடை, அதிலும் அந்த மோவாய். ஒருத்திக்கும் மற்றவளுக்கும் நாலு வயசு வித்தியாசம் என்று யாரும் நம்பியதில்லை. அங்கே காட்டில் விடிகாலையில் குளிருமாம், சால்வை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள் இளமதி. ஒரே சால்வைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஜீப்பில் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்குக் காசு ஒன்றும் ஆகவில்லை, அதனால் கொஞ்ச நேரம் அதை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தபோது ஆறுச்சாமி டிவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். மணி மூன்றே முக்கால் என்றார். அவர் கண் மேசைமேல் இருந்த நோட்டில் இருந்தது, ருக்மணி என்ற பெயரும் எதிரில் வெற்றிடமும் அங்கிருந்தே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நடுவில் எந்தச் சண்டையும் இல்லை என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். வாரத்தில் ஒருநாள் டயர் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் சகலைகள் சந்தித்துக்கொள்வார்கள், வீட்டுக்கு வந்து இவர் காற்றடிக்கப் போனேன் என்பார், இந்தக் காருக்கு அடித்த காற்றில் ஒரு லாரியே பறந்திருக்கும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோல ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "நஞ்சப்பன் சொன்னான். ராத்திரி போன் பாக்கறப்ப யானை படம் வந்துட்டா, ருக்மணி அடுத்ததுக்குத் தள்ளவே மாட்டேங்கறாளாமா. அதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துட்டிருப்பாளாமா." சாந்தாமணி நோட்டைத் தள்ளி வைத்தாள். போனை எடுத்தாள். ருக்கு என்று பெயர் இருந்தது, ஆறு வருஷத்தில் இரண்டு போன் மாற்றியும் அந்தப் பெயர் கூடவே வந்திருந்தது. என்ன சொல்வதென்று மூன்று வாக்கியம் யோசித்து வைத்திருந்தாள். முதலில் நலம் விசாரிப்பது, இரண்டாவது இளமதி ஆசைப்படுகிறாள் என்று மகள்மேல் போடுவது, மூன்றாவது அந்த வேன் விஷயம். மணி அடித்தது. மூன்று தரம், நாலு தரம், ஐந்து. நல்லவேளை எடுக்கவில்லை, என்னால் ஆனது செய்துவிட்டேன் என்று ஒரு மனம் சொல்ல, ஐயோ எடு கண்ணு என்று இன்னொரு மனம் சொல்ல, அந்தப் பக்கம் மிக்ஸி சத்தம் கேட்டது, பிறகு நின்றது. ஆரு என்று ருக்மணியின் குரல் கேட்டது. யார் என்று தெரியாமலா கேட்கிறாள், தெரிந்துதான் கேட்கிறாள்.

"ருக்கு, நான் அன்னைக்கு வேன்ல அதப் படிச்சிருக்கக் கூடாது" என்றாள் சாந்தாமணி. முதல் வாக்கியமும் இல்லை, இரண்டாவதும் இல்லை, வாய் பாட்டுக்கு நேராக அங்கே போய் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மிக்ஸி மூடியைக் கழற்றி வைக்கிற சத்தம் வந்தது. பிறகு ருக்மணி, "முப்பத்தஞ்சு ரூவா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், ஆறு வருஷத்தையும் அதில் போட்டுச் சொன்னாள். ஆமாம் சாமி, முப்பத்தஞ்சு ரூவா, நான் அத எழுதினதே தப்பு, படிச்சது அதவிடத் தப்பு, நீ அனுப்புன காச எண்ணிப் பாத்தது எல்லாத்தவிடவும் தப்பு என்று இவள் சொல்லிக்கொண்டே போனாள், சொல்லும்போது மூக்கு அடைத்துக்கொண்டது, துடைக்கக்கூட இல்லை. அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, நாங்கள் காடு பார்க்கப் போகிறோம், நாலு நாள், யானை இருக்கும், எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிறுத்தலாம், நம் வண்டிதான், வருகிறாயா என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவு, ஏன், யார் கொடுப்பது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல அவளிடம் எண் இல்லை. ருக்மணி அங்கே யாரிடமோ எதையோ இறக்கி வைக்கச் சொன்னாள், அடுப்பில் இருந்ததாக இருக்கும். பிறகு எப்போது என்று கேட்டாள், வேறு யார் யார் என்று கேட்டாள், இளமதி எப்படி இருக்கிறாள், இளைத்துவிட்டாளா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டாள்.

"வர்றேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. கணக்கு நாந்தான் எழுதுவேன். நோட்டு எங்கிட்ட இருக்கோணும்."

சாந்தாமணி மேசையைப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை எந்தச் செலவுக் கணக்கையும் அவள் இன்னொருத்தர் கையில் கொடுத்ததில்லை, கல்யாணத்தன்றுகூட மொய் நோட்டை வாங்கிக் கூட்டல் சரி பார்த்தவள். அதெப்படி, உனக்குக் கழித்தல் வராதே என்று நுனிநாக்கு வரை வந்தது. சரி என்றாள். ஆறுச்சாமியைப் பார்த்து நாலு விரலைக் காட்டினாள்; அவர் எழுந்து, கண்ணாடி இல்லாமல் போனைத் தூர நீட்டிப் பிடித்துக்கொண்டு, மகளுக்கு மெசேஜை ஒற்றை விரலால் குத்த ஆரம்பித்தார்.

"இப்பவே சொல்லு, எழுதிக்கறேன்" என்றாள் ருக்மணி. அங்கே காலண்டர் தாளைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. "மொதல்ல என்ன?"

"டீசல். ஐயாயிரம்."

"மலையேத்தத்துக்கு அது எப்படிப் பத்தும்? இவர் டயர் கடையில இருக்கறாரு, எனக்குத் தெரியாதா. ஆறாயிரம்னு எழுதறேன்."

ஐயாயிரம் சரியான கணக்கு. கிலோமீட்டரைக் கூட்டி, மைலேஜால் வகுத்து, திரும்பவும் ஒருமுறை போட்டுப் பார்த்த கணக்கு. "எழுதிக்க" என்றாள் சாந்தாமணி.

"அடுத்தது?" என்றாள் ருக்மணி.